முதுகை விடாதீக

ஓடுகிறோம். ஓட்டம் என்று சொல்லக் கூடாது. எஸ்தரால் நடக்கவே முடியவில்லை. இடது பக்கம் நான். வலது பக்கம் பொன்னுத்தாயக்கா. நடுவில் அவள். பனிக்குடம் உடைந்துவிட்டது. சேலை காலோடு ஒட்டுகிறது. கொஞ்சம் போகிறோம். வலி வருகிறது. நிற்கிறோம். பின்னால் வெடிக்கிறது. மறுபடி நடக்கிறோம்.

1965. ஆவணி கடைசி. தீபாவளி சீசன். இரண்டு மணிச் சங்கு ஊதி அடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

முதல் சத்தம் பெரிதாக இல்லை. கனமான கதவை யாரோ ஓங்கிச் சாத்தியது மாதிரி. காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழுந்தது. ஓட்டு இடுக்கிலிருந்து மண் கொட்டியது. இரண்டாவது சத்தம் நீளமானது. அறை முழுக்கக் கட்டி வைத்த சரம் ஒன்றாகப் பற்றிக்கொண்ட சத்தம். படபட என்று எழுதலாம். அது பொய். அத்தனை சரம் ஒன்றாகப் போனால் தனித்தனி வெடி கேட்காது. துணி கிழிகிற சத்தம்தான். கிழிந்து முடியாத துணி.

மூன்றாவது சத்தம் மேலே இருந்து வந்தது. விசில். ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. ராக்கெட் அறை பற்றிவிட்டது. குச்சி கட்டாத ராக்கெட்டுகள். எது எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. கூரைக்கு மேலே ஏறி, திரும்பி, கீழே வருகின்றன. ஊளையிட்டுக்கொண்டு வருகின்றன.

அப்போதுதான் தெருவில் யாரோ கத்தினார்கள்.

"பிளேன். பிளேன் வந்துட்டு. குண்டு போடுறான்."

இன்னொரு குரல்.

"வெளிய நிக்காதீகலே. உள்ள போங்க. தளத்துக்குள்ள போங்க."

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். இதைத்தான் ஊரில் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்கள். எம். புதுப்பட்டிப் பக்கம் ராக்கெட் வெடித்ததற்குப் பாகிஸ்தான் பிளேன் என்று பயந்து ஓடி ஒளிந்தார்களாம். டீக்கடையில் சொல்வார்கள். கல்யாண வீட்டில் சொல்வார்கள். கேட்கிறவன் வாயிலிருக்கும் வெற்றிலை தெறிக்கச் சிரிப்பான். செத்தவர்களின் பெயர் ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. சிரிப்பு மட்டும் பத்திரமாக இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

சிரிப்பதற்கு முன்னால் அந்த மாதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கே சண்டை. டீக்கடை ரேடியோவில் காலையும் மாலையும் பிளேன், டாங்கி, குண்டு. முந்தின வாரம் சர்க்கார் ஆட்கள் ஜீப்பில் வந்து தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிளேன் சத்தம் கேட்டால் வெட்டவெளியில் நிற்காதீர்கள். உறுதியான கட்டிடத்துக்குள் போங்கள். குப்புறப் படுங்கள். காதைப் பொத்துங்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். மதுரையில், திருச்சியில் சொன்னதையே இங்கேயும் சொன்னார்கள். எங்கள் தெருவில் பெண்கள் பிள்ளைகளைப் படுக்கவைத்துப் பழக்கிப் பார்த்தார்கள்.

எங்கள் தெருவுக்கு ஏற்கெனவே ஒரு விதி உண்டு. பட்டாசுக் கம்பெனியில் தீ என்றால் கட்டிடத்தை விட்டு வெளியே ஓடு. காற்று வருகிற திசைக்கு ஓடு. வெட்டவெளிக்கு ஓடு. மேற்கே கண்மாய். ஆவணியில் காய்ந்து கிடக்கும். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஒரு விதி வெளியே போ என்றது. இன்னொரு விதி உள்ளே போ என்றது. எது நடக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த விதி என்று தெரியும். அன்றைக்கு அது தெரியவில்லை. தினமும் ராக்கெட்டுக்கு மருந்து அடைத்த கைகள்தான். ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் ஊளையிட்டால் எப்படி இருக்கும் என்று அந்தக் காதுகள் கேட்டதே இல்லை. தங்கள் சரக்கின் சத்தத்தையே அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நான் ஜோசப். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. பட்டாசு லேபிள்தான் பெரும்பாலும். லேபிளுக்குக் கோர்க்கிற ஆச்சரியக்குறிகள் ஒரு ஜென்மத்துக்குப் போதும். இங்கே அவை வேண்டாம். எஸ்தர் என் மனைவி. மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். குடியிருந்தது புதுப்பட்டிக்குத் தெற்கே, கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில். வாடகை குறைவு என்று போனோம். சைக்கிளில் நான் வேலைக்குப் போய்வந்துவிடுவேன்.

எங்களுக்கு இது இரண்டாவது. முதல் பிள்ளை இறந்து பிறந்தது. அப்போது எஸ்தர் சாத்தூரில் அவள் அம்மா வீட்டில். நான் அச்சகத்தில். மறுநாள் ஆள் வந்து சொன்னபிறகு போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க எங்கன இருந்தீக?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். இந்தத் தடவை என்ன ஆனாலும் பக்கத்தில் இருப்பது என்று முடிவு செய்தேன். லீவு கேட்டபோது முதலாளி சிரித்தார். "ஏலே ஜோசப்பு, பொம்பளைக்கு வலி வந்தா ஆம்பளைக்கு டீக்கடைலதான வேலை. சீசன் நேரத்துல இதுக்குப் போயா லீவு கேக்க?" கொடுத்தார். நல்ல மனிதர்தான். கேலி மட்டும் கூடவே வந்தது.

சிவகாசி ஆஸ்பத்திரியில் பெறுவதாக ஏற்பாடு. வலி முந்திக்கொண்டது. அன்று காலையிலேயே தொடங்கிவிட்டது. பஸ்ஸில் ஏற்றிப் போகிற நிலை தாண்டிவிட்டது. அமலி நர்சம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். பொன்னுத்தாயக்கா பட்டாசுக் கட்டுப் போடுகிற வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

பொன்னுத்தாயக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மருத்துவச்சி இல்லை. தொப்புள்கொடி அறுக்க மாட்டாள். மருந்து தர மாட்டாள். அதெல்லாம் நர்சம்மா வேலை. அவள் வேலை பின்னால். சுவரில் சாய்ந்து காலை விரித்து உட்காருவாள். பெறுகிறவளைத் தன் மடிக்குள் உட்காரவைத்துக்கொள்வாள். கக்கத்துக்குக் கீழே கை கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். பெறுகிறவள் முதுகு முழுக்க அவள் மேலே இருக்கும். அவ்வளவுதான். எங்கள் தெருவில் அதைச் செய்கிறவர்கள் மூன்று பேர். பொன்னுத்தாய், குருவம்மா, மாடத்தி. யாருக்கு வலி வந்தாலும் மூன்று பேரில் ஒருத்தி பின்னால் இருப்பாள். காசு கிடையாது. ஒரு வேளைக் காபி. பிள்ளை பெண்ணாக இருந்தால் எடுத்துக் கொஞ்சிவிட்டுப் போவார்கள். ஆணாக இருந்தாலும் அதையேதான் செய்வார்கள்.

பயப்படாதே என்று பொன்னுத்தாயக்கா சொல்ல மாட்டாள். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றும் சொல்ல மாட்டாள். அவளிடம் ஒரே வார்த்தைதான். "இருக்கேன்." வலி ஏறும்போது, "இருக்கேன் தாயி, இருக்கேன்." இறங்கும்போது சும்மா இருப்பாள். வாசலுக்கு வெளியே நின்ற எனக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது. எஸ்தர் முனகல். அக்காவின் இருக்கேன். ஆண் உள்ளே போகக் கூடாது. நடு வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளிருந்து அக்கா சொன்னாள்.

"தம்பி, வாசல்லயே நின்னு எதாவது பேசுங்க. உங்க சத்தம் கேட்டா இவளுக்குக் கை காலு தளருது."

என்ன பேசுவது? லேபிள் பெயர்களைச் சொன்னேன். அன்றைக்குக் கோர்க்க வேண்டிய ஆர்டரைச் சொன்னேன். எந்த எழுத்து உடைந்துபோயிருக்கிறது என்று சொன்னேன். பைத்தியக்காரன் பேச்சு. எஸ்தர் ஒரு தடவை சிரித்தாள். வலிக்கு நடுவில் வந்த சிரிப்பு. அதுவும் என் காதில் இருக்கிறது.

செல்லத்தாய் வந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டுப் பெண். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். ஏழாவது மாதம். முந்தின வெள்ளிக்கிழமைதான் வளையல் போட்டிருந்தார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை. ஒருத்தி பெறுவதை வயிற்றுப் பிள்ளைக்காரி பார்க்கக் கூடாது என்பார்கள். அக்கா உள்ளிருந்தே விரட்டினாள்.

"ஏ புள்ள, நீ இங்கன நிக்காத. உனக்கும் நாந்தான வரப்போறேன். இப்பப் போ."

வளையல் சத்தத்தோடு போனாள். சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவு சாத்துகிற சத்தம்.

மண் கொட்டுகிற ஓட்டு வீட்டை விட்டுத் தெருவில் இறங்கிவிட்டோம். பாதை பிரிகிற இடம் வருகிறது. வலது பக்கம் கண்மாய்க்கரை. இடது பக்கம் கம்பெனியின் பேப்பர் குடோன். மற்றதெல்லாம் ஓடும் தகரமும் ஓலையும். தளம் போட்ட ஒரே கட்டிடம் அந்தக் குடோன். ஜனங்கள் அதற்குள் போகிறார்கள். இரும்புக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கருப்பசாமி நிற்கிறார். குடோன் வாட்ச்மேன். பொன்னுத்தாயக்காவின் வீட்டுக்காரர். ஒவ்வொருவராக முதுகில் தட்டி உள்ளே அனுப்புகிறார்.

"ஏ இவளே, இங்கன கூட்டிட்டு வா. தளம் இருக்கு. வெளிய நிக்காத."

எங்களைத்தான் கூப்பிடுகிறார். என் கால் அந்தப் பக்கம் திரும்பியது. உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் பிளேன் என்றுதான் தோன்றியது. உள்ளே போனால் எஸ்தரைப் படுக்கவைக்கலாம் என்று தோன்றியது. பெறுவதற்கு ஒரு நிழல். ஒரு சுவர். அது போதும் என்றிருந்தது.

பொன்னுத்தாயக்கா நிற்கிறாள். மேலே பார்க்கிறாள். புகை. மூக்கை உறிஞ்சுகிறாள். ஒரு ராக்கெட் வந்து எங்களுக்கு முன்னால் மண்ணில் குத்தித் துள்ளி எரிகிறது. நம் கம்பெனிக் கலர்க் காகிதம் சுற்றியது. அவள் அதைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். பார்த்தபிறகுதான் இரண்டு பேருக்கும் புரிகிறது. குடோனுக்கு அடுத்த அறை மருந்து அறை. அதில் இன்னும் தீ பிடிக்கவில்லை.

அவள் எஸ்தரை என் மேலே சாய்த்தாள். என் கைகளைப் பிடித்து இழுத்து எஸ்தரின் கக்கத்துக்குள் கொடுத்தாள். கோர்த்துவிட்டாள்.

"கம்மாய்க்குப் போங்க. பின்னால உக்காந்துக்கோங்க. முதுகை விடாதீக தம்பி. என்ன ஆனாலும் முதுகை விடாதீக. பேசிக்கிட்டே இருங்க. முகத்தை மட்டும் அவளுக்குக் காட்டாதீக, பயந்துருவா."

எஸ்தர் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அக்கா, போகாதீக."

"அந்த ஆளயும் அதுகளயும் வெளிய கூப்பிட்டுட்டு வந்துர்றேன் தாயி."

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். போனாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். பச்சைச் சேலை. இடது தோளில் எஸ்தர் கடித்த ஈரம்.

கரை ஏறினோம். எப்படி ஏறினோம் என்று தெரியாது. இறங்கினோம். கண்மாய்க்குள் ஜனங்கள் மேற்கே ஓடுகிறார்கள். ஒரு பெண் எங்களைப் பார்த்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. நிற்கப் பார்த்தாள். பிள்ளை வீரிட்டது. ஓடிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு கருவேலமரம். அதற்குமேல் எஸ்தரால் முடியவில்லை. மரத்தில் என் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். அவளை மடிக்குள் இழுத்துக்கொண்டேன். புகையை அவள் பார்க்க வேண்டாம் என்று மேற்கே பார்த்து உட்கார்ந்தேன். மரத்துக்குப் பின்னால், எனக்குப் பின்னால் கம்பெனி. என் முன்னால் எஸ்தரின் தலைமுடி. அதற்கப்பால் வெடித்துக் கிடந்த கண்மாய் மண். இவ்வளவுதான் நான் பார்த்தது.

சாட்சி சொல்ல வந்தவன் பார்க்கவில்லை என்கிறானே என்பீர்கள். ஆமாம். நான் பார்க்கவில்லை. திரும்பினால் பார்க்கலாம். திரும்ப வேண்டுமானால் அவள் முதுகை விட வேண்டும். அதனால் நான் கேட்டேன். கேட்டதைச் சொல்கிறேன்.

சரம் ஓய்ந்துவிட்டது. விசில் குறைகிறது. நெருப்பு ஓலையைத் தின்கிற சத்தம். ஓடு தெறிக்கிற சத்தம். பிறகு ஒரு குரல். மேல்காற்று அடிக்கிறது. குரலை எங்களிடமிருந்து தள்ளிக்கொண்டு போகிற காற்று. ஆனாலும் கேட்டது.

"பிளேன் இல்ல. நம்ம மருந்து. வெளிய வாங்க."

பொன்னுத்தாயக்கா.

"பிளேன் இல்ல. நம்ம மருந்து. வெளிய வாங்க."

திரும்பத் திரும்ப அதே சொல். கதவை எதையோ வைத்து அடிக்கிறாள். இரும்புச் சத்தம். ஆட்கள் ஓடி வருகிற சத்தம். யாரோ விழுகிறார்கள். எழுந்து ஓடுகிறார்கள். எஸ்தருக்கு அடுத்த வலி. என் முழங்கைக்குக் கீழே பல்லைப் பதிக்கிறாள். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், காதில் இருந்ததையே சொன்னேன்.

"இருக்கேன். இருக்கேன்."

முதுகில் முள் ஏறுகிறது. அது எனக்கு நல்லதாகவே இருந்தது. வேறு எதையும் நினைக்கவிடவில்லை. எழுந்து போய் அக்காவை இழுத்துக்கொண்டு வரலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தது. அந்த நேரத்தில் எஸ்தர் முழு எடையையும் என் மேல் போட்டாள். நினைப்பு போய்விட்டது. இன்றைக்கு அதே மரத்தடியில் உட்காரவைத்தாலும் நான் எழுந்து போக மாட்டேன். அப்படிச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. தூக்கம் மட்டும் இல்லை.

"பிளேன் இல்ல. நம்ம."

அந்த இடத்தில் நின்றது.

பெரிய சத்தத்தை நான் கேட்டேனா என்று எனக்கு நிச்சயமில்லை. மரம் என் முதுகில் அடித்தது. தரை எங்களைத் தூக்கிப் போட்டது. அதன்பிறகு ஒன்றுமில்லை. நெருப்பின் சத்தம் இல்லை. காற்றின் சத்தம் இல்லை. காதுக்குள் ஒரு மெல்லிய கம்பி இழுத்துக்கொண்டே இருந்தது. இடது காதில் இன்றுவரை இழுக்கிறது.

வானத்திலிருந்து காகிதம் இறங்கியது. வெடிப்பு தூக்கி எறிந்த காகிதம். காற்றை மீறி எங்கள் பக்கமும் விழுந்தது. குடோனில் இருந்த லேபிள் கட்டுகள். ஓரம் எரிந்துகொண்டே வந்தது. எஸ்தர் முழங்காலில் ஒன்று விழுந்தது. தட்டிவிட்டேன். நான் கோர்த்த எழுத்து. பட்டாசின் பாதிப் பெயர் இருந்தது. தலைகீழாக இருந்தாலும் படிக்கிற கண் என்னுடையது. படித்துவிட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

எஸ்தரின் வாய் திறந்திருப்பது கழுத்து நரம்பில் தெரிகிறது. கத்துகிறாள். கேட்கவில்லை. நான் சொல்கிறேன். எனக்கே கேட்கவில்லை. இருக்கேன் என்கிறேனா, வேறு எதையாவது உளறுகிறேனா என்று தெரியாது. நெஞ்சு அதிர்வது மட்டும் தெரிந்தது. நிறுத்தவில்லை. வெகு நாள் கழித்து எஸ்தரிடம் கேட்டேன். அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம். "முதுகுல அதிர்ந்துச்சு. அத வச்சுத்தான் முக்குனேன்" என்றாள்.

முன்னால் இருந்து பிள்ளையை வாங்க ஆள் இல்லை. எஸ்தரே குனிந்து கையைக் கொண்டுபோனாள். நான் பின்னால் தாங்கினேன். அவள் தோள்கள் ஒரு தடவை இறுகித் தளர்ந்தன. கை மேலே வந்தபோது கையில் பிள்ளை. நீலமாக, வழுக்கலாக, கொடியோடு. வாய் திறக்கிறது. மூடுகிறது. திறக்கிறது. சத்தம் இல்லை.

முதல் பிள்ளையும் சத்தம் போடவில்லை என்று சொல்லியிருந்தார்கள். இதுவும் போய்விட்டது என்றே நினைத்தேன். எஸ்தரும் அப்படித்தான் நினைத்தாள். பிள்ளையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மேலே பார்த்தாள். முகத்தைக் காட்டாதீக என்று அக்கா சொன்னது மறந்துபோய், நான் குனிந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் செவிடு என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வெள்ளைச் சேலை ஒன்று எதிரே வந்து மண்டியிட்டது. அமலி நர்சம்மா. பஸ் ரோட்டிலேயே நின்றுவிட்டதாம். ஓடி வருகிற ஜனத்துக்கு எதிராக நடந்து, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். பிள்ளையை எடுத்தாள். வாயைத் துடைத்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை என்று காதைக் காட்டினேன். நர்சம்மா என் கையை எடுத்துப் பிள்ளையின் வயிற்றில் வைத்தாள். வயிறு குதித்துக் குதித்து அடங்குகிறது. அழுகிறது. பிள்ளை அழுகிறது. கையால் கேட்டேன். நானும் அழுதேன்.

பெண் பிள்ளை. கொடி அறுத்தாள். எஸ்தருக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்சம்மா வயிற்றை அழுத்திப் பிசைந்தாள். நெற்றி வியர்வை எஸ்தர் மேல் சொட்டியது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. ஒரு கட்டத்தில் நிமிர்ந்து, தலையை ஆட்டினாள். நின்றுவிட்டது. இப்போது விடலாம் என்று எனக்குக் கைகாட்டினாள். விடத்தான் பார்த்தேன். கை திறக்கவில்லை. கோர்த்த விரல்கள் இறுகிவிட்டன. பொன்னுத்தாயக்கா கோர்த்துவிட்டபடியே இருந்தன. நர்சம்மா ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி எடுத்தாள்.

அதன்பிறகு எழுந்தேன். திரும்பினேன். குடோன் இருந்த இடத்தில் சுவர் இல்லை. தளம் மட்டும் இருந்தது. தரையில் படுத்திருந்தது.

மறுநாள் லாரியும் சங்கிலியும் வந்துதான் தளத்தைத் தூக்க முடிந்தது. அதற்குள் தப்பி வந்தவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு ஒரு காது கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டேன். பொன்னுத்தாய் கதவில் நின்றாளாம். கையில் கிடைத்த கல்லால் கதவை அடித்தாளாம். சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லையாம். குப்புறப் படுத்துக் காதைப் பொத்தியிருந்தவர்களுக்குக் காதே கேட்கவில்லை. ஜீப்பில் வந்து சொன்னபடி, சரியாகப் பொத்தியிருந்தார்கள். அவள் உள்ளே போய் ஒவ்வொருவர் கையையும் காதிலிருந்து பிடுங்கினாளாம். கருப்பசாமியும் புரிந்துகொண்டு ஆட்களை வெளியே தள்ளினாராம். முக்கால்வாசிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள்.

கடைசியாக வெளியே வந்தவன் கட்டை வண்டி ஓட்டுகிற பையன். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"செல்லத்தாயிக்கு எந்திரிக்க முடியல அண்ணாச்சி. வயிறு. ஒருச்சாய்ச்சுப் படுத்துருந்துச்சு. பொன்னுத்தாயக்கா பின்னால உக்காந்து, கக்கத்துல கையக் குடுத்துத் தூக்குனாக. குருவம்மாவும் மாடத்தியும் ரெண்டு காலப் பிடிச்சாக. நான் வெளிய வந்து திரும்பிப் பாத்தேன். அம்புட்டுத்தான்."

எஸ்தருக்குப் பாதி வரைதான் சொன்னேன். மீதியை அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நான்காம் நாள், பிள்ளைக்கு வைக்க வேறு பெயர் யோசிக்க வேண்டாம், பொன்னுத்தாய்தான் என்றாள். ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயர் வேண்டுமே என்று போதகர் தயங்கினார். பொன் என்ற சொல் வேதத்திலும் இருக்கிறது என்றேன். அவர் அந்தப் பெயரையே எழுதிக்கொண்டார்.

ஐப்பசியில் அந்தத் தெருவில் இன்னொரு பெண்ணுக்கு வலி வந்தது. பின்னால் உட்கார யாருமில்லை. அவள் புருஷன் என்னைத் தேடி வந்தான். "எப்படிப் பிடிச்சீக அண்ணாச்சி?" என்றான். திணறிக்கொண்டு கேட்டான். தரையில் உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்தேன். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பிள்ளை பிழைத்தது. பிறகு இரண்டொருவர் அப்படி உட்கார்ந்தார்கள். வழக்கமாகிவிடவில்லை. நாங்கள் அந்த வருஷக் கடைசியில் விருதுநகருக்குக் குடிபோய்விட்டோம்.

போனவை. ராக்கெட் அறை, சரம் கட்டுகிற கொட்டகை, மருந்து அறை, பேப்பர் குடோன். தெருவில் கிழக்கு வரிசை வீடுகளின் ஓடு முழுவதும். ஒரு மாடு, அதன் கன்று. என் இடது காது. பொன்னுத்தாயக்காவின் இரண்டு பையன்கள் இருக்கன்குடிப் பக்கம் தாய்மாமன் வீட்டுக்குப் போனார்கள். தெருவுக்குத் திரும்பவே இல்லை. முதுகு தாங்கத் தெரிந்த மூன்று பெண்களும் ஒரே இடத்தில் கிடந்தார்கள்.

போனவர்கள். கருப்பசாமி, வாட்ச்மேன். பொன்னுத்தாய், அவர் மனைவி. குருவம்மா. மாடத்தி. தங்கையா, குடோனில் கட்டுத் தூக்குகிறவர். முத்துலட்சுமி, லேபிள் ஒட்டுகிறவள். செல்லத்தாய், ஏழாவது மாதம்.

தலையாரி வந்து விரலை மடக்கி எண்ணினார். ஏழு என்றார். மேலே அப்படியே சொன்னார்கள். ரேடியோவில் சண்டைச் செய்தி இருந்ததால் இது எங்கேயும் வரவில்லை. செல்லத்தாயின் புருஷன் அங்கேயே நின்றிருந்தான். கல்லைப் புரட்டிப் புரட்டிக் கிழிந்த கையில் துணி சுற்றியிருந்தது. எஸ்தர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எழுந்திருக்கக் கூடாத உடம்போடு எழுந்து வந்து, தலையாரிக்கு முன்னால் நின்றாள்.

"தப்பா எண்ணிட்டீக ஐயா. எட்டு."

அவர் மறுபடி விரலை மடக்கினார். ஏழுதான் வந்தது. எங்கள் கணக்கில் எட்டு.